போன்சாய்க்கு வெயில் எங்கே வரும்? அடுக்குமாடி வீட்டில் இடம் பார்ப்பது எப்படி

போன்சாய் மரம் ஒன்றை ஆசையாக வாங்கி வந்து கூடத்தில் டிவி அலமாரிமேல் வைக்கிறீர்கள். ஒரு மாதம் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு உள்பக்கத்து இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர ஆரம்பிக்கின்றன. தண்ணீர் போதவில்லையோ என்று கூடக் கொஞ்சம் ஊற்றுகிறீர்கள். உதிர்வது நிற்கவில்லை, வேகமாகிறது. யாரையாவது கேட்டால் உரம் போடச் சொல்கிறார்கள். அதற்குள் பாதி மரம் மொட்டையாகிவிடுகிறது.

பெரும்பாலான வீடுகளில் கோளாறு தண்ணீரிலும் இல்லை, உரத்திலும் இல்லை. மரம் நிற்கிற இடத்தில் இருக்கிறது. சென்னை மாதிரி ஊரில், அடுக்குமாடி வீட்டில் அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம்.

போன்சாய் வீட்டுக்குள் வளர்க்கிற செடிதானே?

இல்லை. தட்டில் நிற்கும் ஆலமரமும் ஆலமரம்தான். கிளையையும் வேரையும் அவ்வப்போது வெட்டி, ஆழமில்லாத தொட்டியில் வைத்திருப்பதால் அது குட்டையாக இருக்கிறதே தவிர, வெயில் வேண்டும் என்ற அதன் தேவை குட்டையாகிவிடவில்லை. மணி பிளான்ட் போன்ற செடிகள் காட்டில் பெரிய மரங்களின் நிழலில் தொடங்கி வளர்பவை. அவை கூடத்து மூலையில் சமாளித்துக்கொள்ளும். ஆல், அரசு, புளி எல்லாம் வெட்டவெளியில் வளர்ந்து பழகிய சாதி.

ஜப்பானில் சைத்தாமா மாநிலத்தில் ஓமியா என்ற இடம் போன்சாய்க்குப் பேர்போனது. 1923இல் டோக்கியோவைத் தாக்கிய பெரும் பூகம்பத்துக்குப் பிறகு, அங்கிருந்த தோட்டக்காரர்கள் சிலர் இடம்பெயர்ந்து வந்து 1925இல் அமைத்த போன்சாய் கிராமம் அது. அங்கே மரங்கள் எல்லாம் வெளியில், மரப்பலகை மேடைகளில் நிற்கின்றன. வெயிலும் மழையும் பனியும் அவற்றின்மேல் படுகின்றன. விருந்தினர் வரும்போதோ விசேஷ நாளிலோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து டோகோனோமாவில் (ஜப்பானிய வீட்டின் விருந்தினர் அறையில் ஓவியமும் மலரும் வைக்கும் மாடம்) கொண்டுவந்து வைப்பது வழக்கம். சில நாள் கழித்து அது மறுபடியும் வெளியே போய்விடும். நாம் படங்களில் பார்த்து மயங்குகிற, வீட்டுக்குள் நிற்கும் போன்சாய் அந்தச் சில நாட்களில் எடுத்த படமாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

அப்படியானால் 'இண்டோர் போன்சாய்' என்று எழுதி விற்கிறார்களே?

அது பனி விழுகிற நாடுகளின் ஏற்பாடு. ஃபைகஸ் வகைகள் (ஆல், அரசு, இச்சி எல்லாம் சேர்ந்த அத்திக் குடும்பத்து மரங்கள்) அந்த ஊர்க் குளிரைத் தாங்காது. அதனால் குளிர்காலத்தில் அவற்றை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். நமக்கு அந்தக் கவலையே கிடையாது. அங்கே வீட்டுக்குள் வைத்தே ஆகவேண்டிய அதே மரம், இங்கே பால்கனியில் ஆண்டு முழுவதும் சுகமாக இருக்கும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

"எங்கள் கூடத்தில் நல்ல வெளிச்சம் இருக்கிறதே" என்று உங்களுக்குத் தோன்றலாம். அங்கேதான் நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. வெளிச்சம் குறைந்தால் கண்மணி தானாக விரிந்து, கொஞ்ச நேரத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிய ஆரம்பித்துவிடும். நமக்குத் தெரிகிற வித்தியாசம் சின்னது. உண்மையான வித்தியாசம் மிகப் பெரியது.

எவ்வளவு பெரியது? வெளிச்சத்தை லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) என்ற கணக்கில் அளப்பார்கள். உச்சி வெயிலில் மொட்டை மாடியில் சுமார் 1,00,000 லக்ஸ் இருக்கும். அதே மாடியில் வானம் நன்றாகத் தெரிகிற நிழலில் 10,000 முதல் 20,000 வரை. ஜன்னலை ஒட்டிய இடத்தில் சில ஆயிரம். ஜன்னலிலிருந்து எட்டு, பத்தடி உள்ளே வந்தால் சில நூறு. இரவு டியூப்லைட் வெளிச்சத்தில் நாம் வசதியாகப் பேப்பர் படிப்பது 100, 200 லக்ஸில். டிவி அலமாரிமேல் இருக்கிற மரத்துக்கு மாடியில் கிடைப்பதில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை.

மரத்துக்கு வெளிச்சம்தான் சாப்பாடு. ஒளிச்சேர்க்கை (இலை வெளிச்சத்தைக் கொண்டு காற்றையும் நீரையும் சர்க்கரையாக மாற்றுவது) நடந்தால்தான் அது உயிர் வாழும். உரம் அந்த வேலைக்குத் துணைப்பொருள் மட்டுமே. வெளிச்சம் இல்லாத இடத்தில் உரம் போடுவதால் பயனில்லை. மண்ணில் உப்பு சேர்ந்து வேரைக் கெடுக்கும்.

பிறகு ஏன் ஒரு மாதம் நன்றாக இருந்தது? தண்டிலும் வேரிலும் சேமித்து வைத்த சர்க்கரை இருக்கும். அதைத் தின்று மரம் காலம் தள்ளுகிறது. சேமிப்பு தீர்ந்ததும், வரவு இல்லாமல் செலவு மட்டும் வைக்கிற இலைகளை உதிர்க்கிறது. முதலில் போவது உள்பக்கத்து, அடிப்பக்கத்து இலைகள். இப்படி ஒரு மாதம் தள்ளிப்போவதால்தான் இடத்தை மாற்றியதற்கும் இலை உதிர்வதற்கும் தொடர்பு இருப்பதாகவே நமக்குத் தோன்றுவதில்லை.

உங்கள் வீட்டு வெளிச்சத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை. மூன்று வழி சொல்கிறேன்.

மரம் வைக்க நினைத்த இடத்தில் நண்பகலில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, ஓரடி உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். விரல் விரலாக நிழல் கூர்மையாக விழுந்தால் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. விளிம்பு மங்கி, கையின் உருவம் மட்டும் தெரிந்தால் நடுத்தரம். இச்சி மாதிரி பொறுத்துக்கொள்கிற மரத்துக்கு அது ஆகும். நிழலே விழவில்லை என்றால் எந்தப் போன்சாய்க்கும் அந்த இடம் வேண்டாம்.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. இலைகள் இருக்கப்போகிற உயரத்துக்குக் குனிந்து, அங்கிருந்து வெளியே பாருங்கள். வானம் எவ்வளவு தெரிகிறது? எதிர் வீட்டுச் சுவர் மட்டும் தெரிந்தால், அறை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் மரத்துக்குப் பற்றாது. நின்ற உயரத்திலிருந்து நமக்குத் தெரிகிற வானம் தரையில் இருக்கும் தொட்டிக்குத் தெரியாது என்பதும் அப்போதுதான் புரியும்.

மூன்றாவது, செல்போன். லக்ஸ் மீட்டர் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பல ஆண்ட்ராய்டு போன்களில் முன்பக்கக் கேமரா அருகே வெளிச்சத்தை உணரும் சின்ன உறுப்பு உண்டு. போனை இலைகளின் உயரத்தில் வைத்து, திரையை வெளிச்சம் வரும் பக்கம் திருப்புங்கள். எண் துல்லியமாக இருக்காது. ஆனால் இந்த மூலை நல்லதா, அந்த மூலை நல்லதா என்று ஒப்பிட அது போதும். காலை எட்டு மணி, நண்பகல், மாலை நாலு மணி என மூன்று முறை பாருங்கள். ஒரு நேரத்து எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

மரத்தைப் பார்த்தே வெளிச்சக் குறைவைச் சொல்ல முடியுமா? முடியும். புதுத் துளிரைக் கவனியுங்கள். கணுவிடை (ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவில் உள்ள தண்டு) நீண்டுகொண்டே போகும். இலை பழைய இலையைவிடப் பெரிதாக, மெல்லிசாக, வெளிறிய பச்சையில் வரும். கிளைகள் எல்லாம் ஜன்னல் பக்கமே சாயும். சிலர் இதைப் பார்த்து "நன்றாக வளர்கிறது" என்று சந்தோஷப்படுகிறார்கள். அது வெளிச்சத்தைத் தேடி மரம் அலைகிற அலைச்சல். போன்சாய்க்கு உயிரே சின்ன இலையும் நெருக்கமான கணுவும்தான். வெளிச்சம் இல்லாமல் எத்தனை முறை கத்தரித்தாலும், கம்பி கட்டினாலும் அது வராது.

இங்கே தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளிச்சம் குறைந்தால் இலை தண்ணீரை இழுப்பதும் குறையும். வெயிலில் நிற்கிற மரத்தின் மண் ஒரே நாளில் காய்ந்துவிடும். கூடத்தில் நிற்கிற மரத்துக்கு அதே மண் நாலைந்து நாள்கூட ஈரமாக இருக்கலாம். "தினமும் ஒரு தடவை ஊற்றுங்கள்" என்று கடைக்காரர் சொன்னது வெளியில் நிற்கிற மரத்துக்கு. வீட்டுக்குள் அப்படி ஊற்றினால் மண்ணில் காற்று போக வழியில்லாமல் வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை எடுக்க முடியாது என்பதால் இலை வாடும். வாடுவதைப் பார்த்து மேலும் ஊற்றுவோம். வீட்டுக்குள் சாகிற போன்சாய்களில் பெரும்பாலானவை இப்படித்தான் சாகின்றன என்பது என் எண்ணம். விரலை அரை அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று ஊற்ற வேண்டாம்.

இனி முக்கியமான கேள்வி. எந்தத் திசைப் பால்கனி நல்லது?

புத்தகங்களிலும் வீடியோக்களிலும் "தெற்குப் பார்த்த ஜன்னல்" என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அவை பெரும்பாலும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருந்து வந்தவை. அங்கே நண்பகலில் சூரியன் எப்போதும் வானத்தின் தென்பாதியில்தான் நிற்கும். சென்னை அப்படி இல்லை.

சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதன் பிறகு ஆகஸ்ட் நடுவரை அது உச்சிக்கு வடக்கே போய்விடுகிறது. அந்த மூன்றரை மாதத்தில் தெற்குப் பார்த்த பால்கனிக்குள் நேர் வெயில் ஒரு நிமிடம்கூட விழாது. ஊரே கத்திரி வெயிலில் வேகும்போது உங்கள் தெற்குப் பால்கனி நிழலில் இருக்கும். மதுரை, நாகர்கோவில் என்று இன்னும் தெற்கே போகப் போக இந்தக் காலம் நீளும். பதிலாக, அக்டோபரிலிருந்து பிப்ரவரிவரை தெற்குப் பால்கனிக்கு வெயில் ஆழமாக உள்ளே வரும். டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்து நிற்பதுதான் காரணம்.

வடக்குப் பார்த்த பால்கனி வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். மே முதல் ஆகஸ்ட் நடுவரை காலையிலும் மாலையிலும் சாய்வான வெயில் உங்களுக்குக் கிடைக்கும். நண்பகலில் சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு மேலே இருப்பதால் மேல்தளத்துக் கான்கிரீட் அதை மறைத்துவிடும். மழைக்காலத்திலிருந்து மாசிவரை நேர் வெயில் வராது. திறந்த வானம் தெரிந்தால் இச்சி மாதிரி மரம் அந்த மாதங்களை ஓட்டிவிடும்.

கிழக்குப் பால்கனிதான் என் முதல் தேர்வு. ஆண்டு முழுவதும் காலை வெயில் நாலைந்து மணி நேரம் வரும். உக்கிரம் ஏறும் முன்பே போய்விடும். மேற்குப் பால்கனியிலும் வெயில் நிறைய உண்டு. ஆனால் ஏப்ரல் முதல் ஜூன்வரை மதியம் இரண்டு மணிக்குமேல் அடிக்கிற வெயிலோடு சுவரும் தரையும் சூடேறிக் கொதிக்கும். அங்கே காகிதப்பூ, அடீனியம், புளி போன்றவை தாங்கும். மற்றவற்றுக்கு அந்த மாதங்களில் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள்.

திசையைவிட முந்திக்கொள்கிற விஷயம் ஒன்று உண்டு. எதிரே என்ன இருக்கிறது? பத்தடி தள்ளி அடுத்த கட்டடம் நின்றால், கிழக்கு என்ன, மேற்கு என்ன? இரண்டாம் மாடியில் இருப்பவருக்கும் ஆறாம் மாடியில் இருப்பவருக்கும் ஒரே திசைப் பால்கனி வேறு வேறு இடம். எதிர்ச்சுவர் வெள்ளை அடித்திருந்தால் கொஞ்சம் வெளிச்சம் திருப்பி அனுப்பும். அதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பாருங்கள். பால்கனித் தரையில் வெயில் விழுகிற இடத்தின் விளிம்பை மணிக்கு ஒரு தடவை சாக்பீஸால் கோடு போடுங்கள். டிசம்பரில் ஒரு நாள், ஜூனில் ஒரு நாள் போட்டால் போதும். ஆண்டின் இரண்டு எல்லைகளும் உங்களுக்குத் தெரிந்துவிடும். மற்ற மாதங்கள் அதற்கு நடுவில் அடங்கும்.

பால்கனியில் எந்த உயரத்தில் வைப்பது?

தொட்டியைத் தரையில் வைப்பதுதான் எல்லோரும் செய்வது. கைப்பிடி, கம்பிக் கிராதியாக இருந்தால் பரவாயில்லை. மூன்றடிச் சுவராக இருந்தால் அந்தச் சுவரின் நிழலே மரத்தை மூடிவிடும். தெற்குப் பால்கனி, பத்தடி உயரத்தில் மேல்தளம், மூன்றடிச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் நண்பகலில் வெயில் ஏழடிவரை உள்ளே வரும். ஆனால் சுவரை ஒட்டித் தரையில் இருக்கிற முதல் இரண்டடி நிழல்தான். மார்ச் மாதத்தில் சூரியன் மேலே ஏறிவிடுவதால், சுவரின் உயரத்தில் நண்பகல் வெயில் ஒன்றரை அடிவரைதான் எட்டும். ஆகவே இரண்டு காலத்துக்கும் சரிப்படுகிற இடம் ஒன்றுதான். சுவரை ஒட்டி, சுவரின் உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு போட்டு, அதன்மேல் மரம்.

சுவரின்மேலேயே வைத்துவிடலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். போன்சாய்த் தொட்டி அகலமாக, ஆழமில்லாமல் இருக்கும். மேலே மரம் காற்றைப் பிடிக்கும். மேல்மாடிகளில் காற்று வேகமும் அதிகம். கீழே குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுவருக்கு உள்பக்கம் வைத்தாலும் ஸ்டாண்டை ஒரு கம்பியால் கிராதியோடு கட்டுங்கள். தொட்டியையும் ஸ்டாண்டோடு கட்டிவிடுங்கள்.

ஏசியின் வெளி யூனிட் பால்கனியில் இருக்கிறதா? அது ஊதுகிற அனல் காற்றுக்கு நேரே மரம் நிற்கக் கூடாது. இரவெல்லாம் அந்தக் காற்று பட்டால் காலையில் மண் காய்ந்து, இலை ஓரம் கருகியிருக்கும். வீட்டுக்குள் ஏசியின் குளிர்காற்று நேராகப் படுகிற இடமும் ஆகாது.

கோடையில் இலையைவிட வேருக்குத்தான் ஆபத்து. இரண்டு மூன்று அங்குல ஆழத் தொட்டியில் மண்ணும் கொஞ்சம், ஈரமும் கொஞ்சம். மே மாத மதியம் கிரானைட் பலகைமேல் வைத்த தொட்டியைக் கையால் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூட்டை மெல்லிய வேர் மட்டும் எப்படிப் பொறுக்கும்? தொட்டிக்கு அடியில் மரப்பலகை வையுங்கள். மேற்குப் பக்கம் ஓர் ஓடோ செங்கல்லோ நிறுத்தித் தொட்டிமீது மட்டும் நிழல் விழச் செய்யுங்கள். இலைக்கு வெயில், வேருக்கு நிழல். இப்படி வைத்தால் கத்திரியில்கூட காலை, மாலை இரண்டு வேளைத் தண்ணீரில் ஆலும் இச்சியும் சமாளிக்கும்.

பால்கனியே இல்லை, ஜன்னல் மட்டும்தான் என்றால்?

ஜன்னலுக்கு வெளியே பெட்டிபோல் நீட்டிய கிரில் இருந்தால் அதுவே உங்கள் பால்கனி. இல்லையென்றால் உள்பக்கம் கண்ணாடியை ஒட்டி வையுங்கள். ஒட்டி என்றால் ஒட்டியேதான். இரண்டடி உள்ளே தள்ளினாலும் மரத்துக்குத் தெரிகிற வானம் பாதியாகிவிடும். சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தைப் பெரிதாகத் தடுக்காது. வெயில் தடுக்க ஒட்டிய கறுப்புப் படலம், தூசு அடைந்த கொசுவலை, மெல்லிய திரை ஆகிய மூன்றும் சேர்ந்தால் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். கொசுவலையைக் கழுவுங்கள், பகலில் திரையை விலக்குங்கள். வாரம் ஒரு முறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வைத்தால் மரம் ஒரு பக்கமாகச் சாயாது.

வாஸ்து பார்த்து ஒரு மூலையைச் சொன்னால் அங்கே ஜன்னல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் தாராளமாக வையுங்கள்.

மொட்டை மாடியில் இடம் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. குடியிருப்போர் சங்கத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் கசிந்து மேல்தளம் கெடாதபடி ஸ்டாண்டு போட்டு வையுங்கள். அப்போது வீட்டில் மரம் பார்க்க முடியாதே என்பீர்கள். இரண்டு மூன்று மரம் வைத்துக்கொண்டு, முறை வைத்து ஒவ்வொன்றாக மூன்று நாள் கூடத்துக்கு அழைத்து வாருங்கள். ஓமியாவில் செய்வதும் இதுதான். மூன்று நாள் நிழலால் எந்த மரமும் கெட்டுப்போகாது.

விளக்கு போட்டு வளர்க்கலாமா? வளர்க்கலாம், நெருக்கமாக வைத்தால். ஊதா நிறத்தில் எரிகிற விளக்குதான் வேண்டும் என்பதில்லை. வெள்ளை எல்இடி போதும், கண்ணுக்கும் இதம். இலைக்கு ஓரடிக்குள் இருக்க வேண்டும். கூரையில் எரிகிற விளக்கால் மரத்துக்குப் பயன் இல்லை. நாளுக்கு 12 மணி நேரம் எரிய, ஒரு டைமர் மாட்டிவிடுங்கள். இரவில் அணைந்தே இருக்கட்டும். 20 வாட் விளக்கு என்றால் மாதத்துக்கு ஏழு யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். ஜன்னல் வெளிச்சத்தோடு சேர்த்துத் துணையாக இது நன்றாக உதவும். விளக்கை மட்டும் நம்பினால் இச்சியும் ஜேட் செடியும் உயிரோடு இருக்கும், ஆனால் காகிதப்பூ பூக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இனி எந்த மரம்? இடத்தைப் பார்த்து மரம் வாங்குங்கள், மரத்தை வாங்கிவிட்டு இடம் தேடாதீர்கள். ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வருகிறதா? காகிதப்பூ, புளி, கொடுக்காப்புளி, அடீனியம், மாதுளை என்று உங்களுக்குத் தேர்வு நிறைய. மூன்று, நாலு மணி நேரமா? ஆல், அரசு, நம் ஊர்க் காடுகளிலேயே வளர்கிற குரங்கு வெற்றிலை. குரங்கு வெற்றிலையின் சின்னஞ்சிறு இலை போன்சாய்க்கென்றே அமைந்தது. இரண்டு மணி நேர வெயிலும் நாள் முழுக்கத் திறந்த வானமும்தான் என்றால், இச்சி. கடைகளில் கிழங்குபோல் பருத்த வேரோடு 'ஜின்செங் ஃபைகஸ்' என்று விற்பதும் இச்சி வகைதான். அழகு என்று பார்த்தால் எனக்கு அது அவ்வளவு பிடிப்பதில்லை. ஆனால் குறைந்த வெளிச்சத்தையும் புதிதாகக் கற்பவரின் கைப்பிழையையும் அதைப்போலப் பொறுத்துக்கொள்கிற மரம் குறைவு. ஜேட் செடி வெயிலை விரும்பும். நிழலில் இருந்தாலும் உடனே சாகாது. ஆனால் இலையிலும் தண்டிலும் நீரைச் சேமித்து வைப்பதால், நிழலில் இருக்கும்போது தண்ணீரை மிகமிகக் குறைக்க வேண்டும்.

ஜூனிபர் பற்றி ஓர் எச்சரிக்கை. கடல் காற்றில் வளைந்த மாதிரி நிற்கும் ஊசியிலை மரம், பார்த்தவுடன் போன்சாய் என்று மனதில் பதிகிற உருவம் அதற்கு உண்டு. இணையத்தில் ஆர்டர் செய்தால் வீட்டுக்கே வந்துவிடும். பெரும்பாலான வகைகளுக்கு வெட்டவெளி வெயிலும் குளிர்கால ஓய்வும் வேண்டும். சென்னை வீட்டுக்குள் இரண்டும் கிடையாது. இன்னொரு தொல்லை, வேர் செத்த பிறகும் வாரக்கணக்கில் அது பச்சையாகவே நிற்கும். நன்றாக இருக்கிறது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பீர்கள். ஜப்பானிய மேப்பிளும் சமவெளிக்கு ஆகாது. ஊட்டி, கொடைக்கானலில் உறவினர் இருந்தால் அவர்களுக்கு வாங்கிக் கொடுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, கூடத்து மரத்தை இன்றைக்கே மாடி வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். நிழலில் வளர்ந்த இலை மெல்லியது. நேர் வெயிலில் ஒரே மதியத்தில் வெளிறிக் கருகிவிடும். முதல் ஐந்தாறு நாள் வானம் தெரிகிற நிழலில் வையுங்கள். அடுத்த வாரம் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம். இரண்டு, மூன்று வாரத்தில் முழு இடத்துக்குப் பழக்கிவிடலாம். மழைக்காலத்தில் நகர்த்தினால் இன்னும் எளிது. மேகமே நிழல்வலை. ஆனால் வடகிழக்குப் பருவமழை நாள் கணக்கில் பெய்யும்போது தொட்டியின் ஓட்டை அடைபடாமல் பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் உள்ளே எடுத்து, தரையில் வைத்து, காற்று அடங்கியதும் வெளியே வைத்துவிடுங்கள்.

இடம் மாற்றிய பிறகு இலை உதிர்ந்தால் பயப்பட வேண்டுமா? ஃபைகஸ் வகைகளுக்கு இது வழக்கம். நல்ல இடத்துக்குப் போனாலும் பழைய இலைகளைக் கொட்டிவிட்டு, புதிய வெளிச்சத்துக்கு ஏற்ற இலைகளை விடும். மரம் உயிரோடு இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால், சிறு கிளை ஒன்றில் நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். தோலுக்கு அடியில் ஈரமான பச்சை தெரிந்தால் கிளை உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அதற்குக் கீழே இன்னோர் இடத்தில் கீறுங்கள். பச்சை எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்து மரம் மறுபடி கிளம்பும். அதுவரை உரம் வேண்டாம், கத்தரிக்க வேண்டாம், மண் மாற்ற வேண்டாம். இலையில்லாத மரம் தண்ணீர் குடிப்பதும் குறைவு என்பதால், விரலை விட்டுப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். துளிர் வந்து, புது இலைகள் விரிந்து கெட்டியான பிறகு, பாதி அளவில் உரத்தைத் தொடங்கலாம்.